செயின் கழன்ற அதிகாரி

செப்டம்பர் 2, திங்கள்

பாதாளச் சாக்கடைப் பிரிவிலிருந்து எனக்கு இன்று விடுதலை. மாநகராட்சி ஆணையர் மேடம் காலையில் கூப்பிட்டு, புதிதாக ஆரம்பிக்கும் ‘மோட்டார் சாராப் போக்குவரத்துப் பிரிவு’க்கு இனி நான்தான் பொறுப்பு என்றார். பிரிவு என்றால் நான், ஒரு மேஜை, கொசு மருந்து அடுக்கி வைத்திருந்த பழைய ஸ்டோர் ரூம். மேஜையில் கை வைத்தால் இன்னும் மருந்து வாசனை வருகிறது. கொசு மட்டும் என்னை அண்டாது.

மேடம் வடக்கே பிறந்தவர். தமிழைப் பரீட்சைக்குப் படித்ததால் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். இந்த ஊரில் ஆள் பெருகுவதைவிட வேகமாக வண்டி பெருகுகிறது, ரோடு மட்டும் பெருகவில்லை என்றார். மில் ரோட்டின் ஓரமாகச் சைக்கிளுக்கென்று பச்சைப் பட்டை அடித்து, பக்கத்தில் பிளாஸ்டிக் கம்பம் நட்டு, ஆயுத பூஜை வரை சோதித்துப் பார்ப்பது. ஜனங்கள் ஏற்றுக்கொண்டால் நிரந்தரம். இல்லையென்றால் பிடுங்கிவிடுவது. இதுதான் திட்டம்.

கடைசியில், “சென்னியப்பன், நீங்கள் சைக்கிள் ஓட்டுவீர்கள்தானே?” என்று கேட்டார். என் தலை ஆடியது. எந்தப் பக்கமாக ஆடியது என்பதை மேடம் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். மூட்டு வலியைப் பற்றிச் சொல்வதற்குள் அடுத்த ஃபைல் வந்துவிட்டது.

வழக்கம்போலக் காரில் வீடு வந்து சேர்ந்தேன். நான் காரில் வருவதைப் பந்தா என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியும். பேசட்டும். ஸ்கூட்டர் எனக்கு ஒத்துக்கொள்ளாது. முதுகு.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை. வேறு ஒன்றும் செய்யவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

மில் ரோட்டில் பெயிண்ட் அடித்து முடித்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் அடித்த பச்சையின் மேல் மதியமே ஒரு வெள்ளைக் கார் ஏறி நின்றது. ஓட்டுநரிடம் இது சைக்கிள் பாதை என்றேன். “அப்படியா சார், பெயிண்ட் காஞ்சுருச்சுங்களான்னு பாத்துத்தான் நிறுத்துனேன்” என்று பணிவாகச் சொன்னார்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று என் வாய் எனக்குச் செய்ததை என் எதிரி செய்திருக்க மாட்டான்.

மில் ரோட்டுக் கடைக்காரர்களுக்கும் எங்களுக்கும் கூட்டம். மேடமும் வந்திருந்தார். வியாபாரிகள் சங்கத் தலைவர் பாத்திரக்கடைப் பொங்கியண்ணன். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூன்று பேனா. நான் படம் போட்டு, புகை, நெரிசல், வருங்காலச் சந்ததி என்றெல்லாம் பேசி முடித்ததும் அவர் மெதுவாக எழுந்தார்.

“ஏனுங் சார், நீங்க மட்டும் ஏசி காருல ஜம்முனு வந்து எறங்குவீங்க. எங்க கஸ்டமரு மட்டும் சைக்கிள மிதிச்சுட்டு வரோணுமுங்களா?”

அறையே சிரித்தது. மேடமும் சிரித்த மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. “நாளையிலிருந்து நானும் சைக்கிள்லதான் வர்றனுங்க. ஆயுத பூசை முடியற வரைக்கும் ஒரு நாளு காரைத் தொட்டாலும், கடப்பாரையைத் தூக்கீட்டு வந்து அத்தனை கம்பத்தையும் நானே பிடுங்கிப் போடறேன்.”

குரல் யாருடையது என்று சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் கை தட்டினார். பொங்கியண்ணன், “அப்ப சரீங். பாத்துருவோம்” என்று உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 13, வெள்ளி

எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே, ஈரத் துண்டு காயப்போட வசதியாக. கோகிலா கல்லூரிக்கு ஓட்டிப் போனது. கல்யாணத்தின்போது அவளோடு வந்தது. வந்த புதிதில் ஒரு நாள் அவள் அதை வெளியே எடுத்தாள். அப்போது உயிரோடிருந்த என் அம்மா, “ஊட்டுக்காரன் நடந்து போவான், இவ சைக்கிள்ல போவாளாக்கு? ஊரு சிரிக்காது?” என்றார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அது படிக்குக் கீழேயே இருந்துவிட்டது.

கோகிலா மில் ரோட்டிலிருக்கும் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். இத்தனை வருடமாகக் காரில் நான்தான் இறக்கிவிடுவேன். இன்று அவள் துண்டுகளை எடுத்துவிட்டுச் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, எண்ணெய் போட்டுக் கொடுத்தாள். “நான் பஸ்ல போய்க்கறேன். நீங்க பாத்துப் போங்க” என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கணக்கு டீச்சர்களின் முகத்தைப் படிக்க முடியாது.

தெரு முனை திரும்பும்வரை உருட்டினேன். முதல் நாள், வண்டி பழகவேண்டும் அல்லவா. பிறகு மெயின் ரோட்டில் நெரிசல் என்பதால் உருட்டினேன். மில் ரோட்டில் கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றிருந்ததால், முன்யோசனையோடு வேப்ப மரத்தடியில் குனிந்து செயினைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு உருட்டினேன்.

“செயின் கழண்டுருச்சுங்களா?” என்றார் பொங்கியண்ணன்.

“ஆமாங்க. பழைய வண்டி.”

செப்டம்பர் 16, திங்கள்

செயின்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பஞ்சர். அதாவது, காற்றை நான்தான் பிடுங்கினேன். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, “ஓட்டையே இல்லீங் சார்” என்று கவலையோடு சொன்னார். இனிமேல் செயின்தான்.

செப்டம்பர் 18, புதன்

சைக்கிள் உருட்டுவதிலும் ஒரு நேர்த்தி உண்டு. மெதுவாக உருட்டினால் நடப்பவன் மாதிரித் தெரியும். கொஞ்சம் வேகமாக, மூச்சு வாங்கியபடி உருட்டினால் இப்போதுதான் இறங்கியவன் மாதிரித் தெரியும். நான் இரண்டாவது முறையில் தேர்ந்துவிட்டேன்.

வாராந்திரக் கூட்டத்தில் என் இரண்டு கைகளிலும் செயின் கறுப்பு. மேடம் அதை எல்லோருக்கும் காட்டி, “அதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும்” என்றார். நகரமைப்புப் பிரிவுக்காரர் தன் கைகளை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. மதியம் சாப்பிடும்போது போய்விட்டது, கறுப்பு மட்டும் போகவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

பட்டப்பெயர் வந்துவிட்டது. மில் ரோட்டில் என்னைச் ‘செயின் சார்’ என்கிறார்கள்.

காரில் போனபோது மில் ரோடு என்பது இரண்டு சிக்னலும் நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும்தான். நடந்து, அதாவது சைக்கிளோடு போகும்போது, நிறையத் தெரிகிறது. பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. பள்ளி வாசலில் பட்டையின் நடுவே மேன்ஹோல் மூடி ஒன்று கால் விரல் உயரத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்கிறது. சாக்கடைக்காரனாக இத்தனை வருடம் இருந்தும் அந்த மூடியை இன்றைக்குத்தான் சந்தித்தேன். மதியமே ஆள் அனுப்பி இறக்கி வைத்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. பொங்கியண்ணன் கடை முன்னால் காரை நிறுத்துகிறவர்களில் ஒருவர்கூடப் பாத்திரம் வாங்குவதில்லை. நிறுத்திவிட்டு எதிரிலுள்ள கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். மில் ஷிப்ட் முடிந்து நடந்து வரும் பெண்கள்தான் அவர் கடையில் குக்கர் கேஸ்கெட்டும் டிபன் பாக்ஸும் வாங்குகிறார்கள். அந்தப் பெண்கள் நிற்பதற்குக் கார்கள் இடம் விடுவதில்லை. இதை அவரிடமே சொன்னேன். அவர் பேனாக்களைத் தடவிக்கொண்டு, “இருக்கட்டுங், பாக்கலாமுங்” என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

கோகிலாவின் பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பச்சைப் பட்டையில் சைக்கிளில் போகிறார்கள். மணியடித்துக்கொண்டு, ஒருத்தி ஒருத்தியை முந்திக்கொண்டு. இதற்கு முன் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தப் பட்டையை எடுத்துவிட்டால் மறுபடி அங்கேதான் போவார்கள். அதை நான் விடக் கூடாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஊரில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று மேடத்துக்கு அறிக்கை வேண்டுமாம். தெருவில் பலரைக் கேட்டாயிற்று. தூரம், வெயில், மகன் பைக் வாங்கிக் கொடுத்தான், சம்பந்தி வீட்டுக்குச் சைக்கிளில் போனால் மதிக்க மாட்டார்கள்.

சாயங்காலம் கோகிலா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளையும் கேட்டேன். “நீ ஏன் நிறுத்தின?”

கத்தி நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

“ரோடு சரியில்லைன்னு எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

காலையில் என் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“என்னுங்க, டயரு பட்டன் தேயாம அப்படியே இருக்குது. செருப்புதான் தேஞ்சு போச்சு.”

ரப்பர் மட்டம் என்றேன். இப்போதெல்லாம் எதிலும் தரம் இல்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை எங்க ஸ்கூல் கிரவுண்டு சும்மாத்தான் கெடக்குது. வாட்ச்மேன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்” என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

டச் விட்டுப்போயிருந்ததைச் சற்றுப் புதுப்பித்துக்கொண்டேன்.

கோகிலா சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். “கீழ பாக்காதீங்க, எதுத்தாப்பல பாருங்க. ஹேண்டில எதுக்குங் அப்படிக் கழுத்தப் புடிக்கற மாதிரிப் புடிக்கறீங்க?” மிதித்தேன். அவள் விட்டுவிட்டாள். விட்டது தெரியாதவரை போனேன். தெரிந்ததும் விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு. ஆக மூட்டு வலி இனிமேல் பொய் இல்லை.

இந்த வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். பேனாவில் மை தீரப்போகிறது, அடித்து வீணாக்க முடியாது. இருக்கட்டும்.

“ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டறேன், பாருங்க” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு ரவுண்டு போனவள் நிற்கவில்லை. இன்னொரு ரவுண்டு போனாள். பிறகு கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டாள். நான் கிரவுண்டு நடுவில் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவள் முகம் கல்யாண ஆல்பத்தில்கூட இல்லாத முகமாக இருந்தது. என்னமோ செய்தது எனக்கு. பசியாக இருக்கலாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்றைய நிலவரம்: நேராகப் போக வருகிறது. வளைய வராது. நிற்க ஒரு சுவர் வேண்டும். நூற்றுக்கு எழுபது மார்க் என்கிறாள் கோகிலா. நிறுத்துவதற்குத்தான் மீதி முப்பதாம்.

அக்டோபர் 8, செவ்வாய்

மேடம் சோதனை முடியும் நாளைப் பெரிதாகக் கொண்டாட நினைக்கிறார். மில் ரோட்டில் சைக்கிள் ஊர்வலம். முன்னால் நான், பின்னால் பள்ளிப் பிள்ளைகள். அது முடிந்ததும் கடைக்காரர்களிடம் அங்கேயே கேட்டு, பாதை இருக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பாராம். எந்த நாள் வைக்கலாம் என்று கேட்டார்.

“சனிக்கிழமை விஜயதசமி மேடம். எதைத் தொடங்கினாலும் விளங்கும்” என்றேன். எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. மில் ரோடு எங்கேயும் வளையாத நேர் ரோடு.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஆபீஸில் சைக்கிளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பச்சைப் பட்டையை இந்த ஒரு மாதத்தில் ஆளாளுக்குப் புகழ்ந்திருக்கிறார்கள், கண் பட்டிருக்கும். சாயங்காலம் அது ஆரம்பிக்கும் இடத்தில், உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்ட பெரிய பூசணிக்காயை என் கையாலேயே சுற்றிப் போட்டு உடைத்தேன். நல்ல சத்தம். திருஷ்டி கழிந்தது.

அக்டோபர் 12, சனி

படுத்தபடி எழுதுகிறேன். வலது கணுக்கால் பூசணி அளவுக்கு வீங்கியிருக்கிறது. பூசணி என்ற சொல்லை இனி இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் இந்த ஊர் ரோடு எப்படி இருக்கும் என்று பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். கடைக்குக் கடை உடைத்த பூசணிச் சதை, விதை, நசுங்கிய எலுமிச்சம்பழம். வருடா வருடம் வண்டிகள் வழுக்கும். அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்து, அந்த ரோட்டில்தான் பிள்ளைகளைச் சைக்கிளில் வரச் சொல்லியிருக்கிறேன். போக்குவரத்து அதிகாரி!

காலையில் மேடம் கொடியசைத்தார். கோகிலா பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நடந்து வந்தாள். நான் மிதித்தேன். கடைக்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். செயின் சாரின் செயின் முதன்முறையாகச் செயின் வேலையைச் செய்தது. அந்தப் பெருமையில் தலை நிமிர்ந்ததால்தான் எதிரே இருந்ததைத் தாமதமாகப் பார்த்தேன்.

என் பூசணிக்காய். குங்குமச் சிவப்பு, நடுவில் சில்லறை மின்னியது. அதற்கப்பால் கடைக்குக் கடை இதே கோலம். வளைய எனக்கு வராது. நிற்கச் சுவர் இல்லை. பின்னால் பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு வருகிறார்கள். “வராதீங்க! நில்லுங்க!” என்று மட்டும் கத்தினேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. முன் சக்கரம் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன், என் திருஷ்டியில் நானே போய் உட்கார்ந்தேன்.

கோகிலா குறுக்கே ஓடி இரண்டு கையையும் விரித்து அத்தனை பேரையும் நிறுத்திவிட்டாள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வலித்தது.

பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் கடை ஆட்களும் பக்கத்துக் கடை ஆட்களும் விளக்குமாறும் மணலுமாக இறங்கி, ரோட்டையே வழித்துவிட்டார்கள். அவர் என் தோளிலிருந்து ஒரு விதையை எடுத்துப் போட்டுவிட்டுக் குனிந்தார்.

“ஏனுங் சார், உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு மொத நாளே எங்களுக்குத் தெரியுமுங்க. செயினு கழண்டா யாருங் அத்தனை சூதானமா தொங்கவுட்டுட்டு வருவாங்க? தெரியாத வண்டில எதுக்குங் இன்னைக்கு ஏறுனீங்க? உருட்டீட்டே வந்திருக்கலாமுல்ல?”

என் கண்ணில் தண்ணீர் வந்தது. பூசணிக்காய் உள்ளே மிளகாய் கிளகாய் போட்டிருந்தேனா என்று நினைத்துப் பார்த்தேன். போடவில்லை.

மேடம் ஓடி வந்தார். அப்போதுகூட அவருக்கு முடிவுதான் முக்கியம். “பொங்கியண்ணன், பாதை இருக்கலாமா?”

“இருக்கட்டுங் மேடம். காரு நிறுத்தறவன் பூராப் பேரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போறானுங்க, சாரு சொன்னப்பறந்தான் நானும் ஒக்காந்து பாத்தேன். காத்தால சரக்கு எறக்கறதுக்கு மட்டும் கொஞ்ச நேரம் கம்பத்த நகர்த்தி வுட்டாப் போதுமுங்க.” பிறகு என்னைக் காட்டினார். “மொதல்ல இவர ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. எங்க கடை வேன எடுக்கச் சொல்லட்டுமுங்களா?”

“வேண்டாமுங்க” என்றாள் கோகிலா. முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கோணிப்போன ஹேண்டிலை ஒரே முறுக்கில் நேராக்கினாள். சேலையைச் செருகினாள். ஏறிக்கொண்டு ஒரு காலை ஊன்றினாள்.

“பொறத்தால உக்காருங்க.”

மில் ரோடு முழுக்கக் கடைக்காரர்கள். என் மேலதிகாரி. பஸ் ஜன்னலெங்கும் தலைகள். நாற்பத்தாறு வயது அரசு அதிகாரி, தலையில் பூசணி நார், மனைவி மிதிக்கும் சைக்கிளின் கேரியரில். ஊர் சிரிக்காது?

உட்கார்ந்தேன். அவள் மிதித்தாள். ஒரு ஆட்டம் இல்லை, ஒரு அசைவு இல்லை. பிள்ளைகள் பின்னால் மணியடித்துக்கொண்டு வந்தார்கள். ஊர் சிரிக்கத்தான் செய்தது. விசில்கூட வந்தது. கேரியர் கம்பி குத்தியதைத் தவிர எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் கோகிலா சைக்கிளை வெளியே எடுத்தாள். கேட்கவில்லை, எடுத்தாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே வாசல்வரை வந்து வழியனுப்பினேன். செயின் மூடியில் மஞ்சள் பெயிண்டில் அவள் பெயர் எழுதியிருக்கிறது. ஒரு மாதம் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன், இன்றைக்குத்தான் படித்தேன்.

பூஜை முடிந்துவிட்டது, காரை எடுக்கத் தடை இல்லை. சாவி ஆணியில்தான் தொங்கியது. பஸ்ஸில் போனேன்.

மில் ரோட்டில் பஸ் நெரிசலில் நின்றது. பக்கத்தில் பச்சைப் பட்டையில் கோகிலா முந்திக்கொண்டு போனாள். ஜன்னலில் என்னைப் பார்த்து மணியடித்தாள். அருகில் உட்கார்ந்திருந்தவர், மில்லுக்குப் போகிறவர் போலிருக்கிறது, மடியில் டிபன் பாக்ஸ், என்னை உற்றுப் பார்த்தார்.

“நீங்க செயின் சாருதானுங்களே? சைக்கிள் எங்கீங்க?”

“அதா போகுது பாருங்க. அது அவங்க வண்டிங்க.”

“அப்ப உங்குளுக்கு?”

“எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க” என்றேன்.

“அப்பிடீங்களா” என்றார். பிறகு டிபன் பாக்ஸ் மூடியைச் சரியாக அழுத்தி வைத்துவிட்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான் நடந்தது. இதைச் சொல்லாமலிருக்கத்தான் நான் ஒரு காரே வாங்கினேன்.